மேலே ஆள்

ஒப்பந்தப் பணியாளர் பட்டியலில் இருபத்தேழாவது வரிசை இப்படி இருந்தது: "இசபெல் டெல்வின். வயது 31. பதவி: தோட்டப் பராமரிப்பு உதவியாளர், இரண்டாம் நிலை. தகுதி: எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் விரும்பத்தக்கது, கட்டாயமில்லை. பணி: புல்வெளி, பூச்செடிகள், பாதை ஓரக் கற்கள் ஆகியவற்றைப் பேணுதல். வழங்கப்பட்ட கருவிகள்: மண்வெட்டி ஒன்று, பூவாளி ஒன்று."

இசபெல் கணிதத்தில் பட்டம் பெற்றவள். அதன்மேல் நாகர்கோவிலில் ஓராண்டு கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்திருந்தாள். அந்தப் பூவாளியை அவள் கையால் தொட்டதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புல்வெளி என்று ஒன்றைக் கற்பனை செய்யவே தனித் துணிச்சல் வேண்டும். அங்கே அடிக்கிற காற்றில் எருக்கஞ்செடிகூடத் தரையோடு ஒட்டிக்கொண்டுதான் பிழைக்கிறது. அலுவலக வாசலில் நான்கு குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன. மே மாதம் காற்று தொடங்கியதும் அவற்றைக் கக்கூஸுக்குள் தூக்கி வைத்துவிடுவார்கள். கம்பெனியின் தோட்டக்கலை அத்துடன் முடிந்தது.

2005 முதல் இசபெல் செய்துவந்த வேலை வேறு. கட்டுப்பாட்டு அறையில் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, கணவாயில் பரந்து கிடந்த எண்பத்து நான்கு காற்றாலைகளை அவள் பார்த்துக்கொண்டாள். அறைக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்கள் ஆறு, தேவைப்பட்டவர்கள் ஏழு. தோட்டக்காரர் இடமோ, எந்தத் தோட்டக்காரரும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காததால், எப்போதும் காலி. ஒப்பந்தக்காரர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பட்டியல் மட்டும்தான் சொன்னது. ஆண்டுதோறும் அவளுடைய பணி மதிப்பீட்டில் "பூச்செடிகளின் நிலை: திருப்திகரம்" என்று எழுதப்பட்டது. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த கணவன் டெல்வின் வெள்ளிக்கிழமை போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வியாக, "செடியெல்லாம் தளுத்து நிக்கா?" என்று கேட்பான். முதல் ஆண்டு அவள் சிரித்தாள். பிறகு, "நிக்கு" என்று மட்டும் சொன்னாள்.

காற்றாலைக்குள் ஓர் ஆள் ஏறுவதற்கு முன் அது சுற்றாதபடி பூட்ட வேண்டும். கோபுரத்தின் அடியிலேயே அதற்கு ஒரு கைப்பூட்டு உண்டு. பழைய மெஷின்களில் பாதிக்கு அது துருவேறி, கம்பி கட்டி, பெயருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே உண்மையான பூட்டு இசபெலின் திரையில்தான் இருந்தது. ஏறுகிறவன் கோபுரத்தின் அடியில் நின்று வாக்கிடாக்கியில் கூப்பிடுவான். அவள் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, பட்டியலில் அந்த மெஷினைத் தேடி, 'ரிமோட் ஸ்டார்ட் இன்ஹிபிட்' என்ற கட்டத்தில் டிக் போடுவாள். அதன் பக்கத்திலேயே, அதே அளவில், அதே சாம்பல் நிறத்தில் 'ரிமோட் ஸ்டார்ட்' என்று இன்னொரு கட்டம். ஒன்று ஆளைக் காப்பாற்றுவது, மற்றது ஆளைக் கொல்லக்கூடியது. இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் அகலம்தான். வடிவமைத்தவர் எந்த நாட்டுக்காரரோ, அவர் காற்றாலை ஏறியவராக இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

பட்டியல் அதைவிட மோசம். மெஷின்களுக்கு ஒன்று முதல் எண்பத்து நான்கு வரை எண் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்ட நாளின் வரிசையில் அந்த எண்கள் போயினவே தவிர, மண்ணில் நிற்கிற வரிசைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இருபத்திரண்டுக்கும் அறுபத்தொன்றுக்கும் இடையே வெளியில் இருந்தது ஒரே ஒரு மெஷின். கதவுகளில் எண் பொறித்த அலுமினியத் தகடுகளைத் திருகி வைத்திருந்தார்கள். தரமான அலுமினியம் என்பதால் ஆறே மாதத்தில் அவ்வளவும் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. ஆகவே மேலே ஏறுகிறவர்கள் எண்ணைச் சொல்வதில்லை. "குருசடி வரிசையில மூணாவது" என்பார்கள்; சிலுவை நட்ட சிறு கோயிலை ஒட்டிய வரிசை அது. அறைக்காரர்கள் சுவரில் ஒட்டிய வரைபடத்தைப் பார்த்து அதை எண்ணாக மாற்றிக்கொள்வார்கள்.

அதில் ஒரு பழக்கம் இருந்தது. நாகர்கோவில் பக்கமிருந்து வருகிற கூட்டம், ஜான்ரோஸ் மேஸ்திரியின் ஆட்கள், மேற்கிலிருந்து எண்ணுவார்கள். வடக்கன்குளம் பக்கமிருந்து வருகிற ஆபேலின் ஆட்கள் கிழக்கிலிருந்து எண்ணுவார்கள். அவரவர் ஜீப் எந்தப் பக்கம் வந்து நிற்கிறதோ அதுதான் அவரவருக்கு ஒன்று. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எழுதி வைத்ததுமில்லை. அறையில் இருப்பவர்கள் குரலை வைத்தே ஆள் யார் என்று கண்டுபிடித்து, எந்தப் பக்கமிருந்து எண்ண வேண்டும் என்று முடிவு செய்வார்கள். இரண்டு ஆண்டில் இசபெல் இதில் கைதேர்ந்துவிட்டாள். ஒரு இருமலைக் கேட்டே ஆள் யார், எந்தப் பக்கம் என்று சொல்லுவாள்.

அந்தத் தேர்ச்சிதான் வினையாயிற்று. 2007 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, காற்று இன்னும் எழும்பாத காலை நேரம். வாக்கிடாக்கியில் ஷிஜினின் குரல் வந்தது.

"அக்கா, குருசடி வரிசையில மூணாவது. பூட்டிரு. நான் கேறுதேன்."

ஷிஜின் தக்கலைக்காரன், ஜான்ரோஸின் ஆள். மேற்கிலிருந்து மூன்றாவது அறுபத்தொன்று. இசபெல் அறுபத்தொன்றைப் பூட்டினாள்.

அன்று மட்டும் ஆபேல் கூட்டத்தில் ஆள் குறைவென்று ஷிஜினை அங்கே அனுப்பியிருந்தார்கள். அவன் அவர்களுடைய ஜீப்பில் கிழக்கிலிருந்து வந்தான். வந்த பக்கத்திலிருந்து எண்ணினான். அவன் ஏறியது இருபத்திரண்டு.

பத்தரை மணிக்கு வழக்கம்போலக் காற்று எழும்பியது. இருபத்திரண்டு தன் கடமையைச் செய்தது. தானாகச் சுற்றத் தொடங்கியது. உச்சியில் இருந்த இயந்திரப் பெட்டிக்குள் ஷிஜினின் இடது கைச் சட்டையைத் தண்டு பிடித்து இழுத்துக்கொண்டது. வலது காலால் அவசர நிறுத்தப் பொத்தானை உதைத்ததால் கை ஒடிந்ததோடு போயிற்று. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு.

விசாரணைக்கு மேலாளர் வைகுண்டராஜன் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. ஒழுங்கான காகிதத்தை மிகவும் நேசித்தவர்.

"பேனல்ல இருந்தது நான்தான் சார். நான்தான் தப்பான மெஷினப் பூட்டினேன்" என்றாள் இசபெல்.

"இசபெல், நீங்க கார்டன்."

"பூட்டினது நான் சார்."

"கார்டன் ஸ்டாஃப் பேனலத் தொட அனுமதி கிடையாது. அனுமதி இல்லாதத நீங்க செஞ்சிருக்க முடியாது. செய்ய முடியாதத நான் எப்படிம்மா எழுதுவேன்?"

"அப்ப யாரு செஞ்சதுன்னு எழுதுவீங்க?"

அவர் நெடுநேரம் பேனா மூடியைத் திருகினார். அறிக்கையில், சம்பவ நேரத்தில் பேனலில் எவரும் இல்லை என்றும், ஏறிய ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்றும் வந்தது. இசபெலுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மெமோ வாங்கியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தப்புச் செய்ததற்கான உரிமைகூட அவளுக்கு இல்லை என்பதை அன்று தெரிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு தக்கலைக்குப் பஸ் ஏறினாள். ஷிஜின் மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இசபெல் கட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"நீ என்னத்துக்கு அக்கா கரையுத? ஒடிஞ்சது எனக்க கை. நான் தப்பா எண்ணிட்டேன், விடு."

"நீ சரியாத்தான் மக்கா எண்ணின. நானும் சரியாத்தான் எண்ணினேன்."

"பின்ன யாருக்க தப்பு?"

அவள் ஓர் ஆரஞ்சை உரித்து அவனுடைய வலது கையில் வைத்தாள். பதில் திரும்பி வருகிற பஸ்ஸில் வில்லுக்குறி தாண்டும்போது கிடைத்தது. இரண்டு பேர் சரியாகச் செய்தும் கை ஒடிகிறது என்றால் பிழை பட்டியலில் இருக்கிறது. இன்னொரு தடவை தன் கையால் தவறான மெஷின் பூட்டப்படக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கோபம், இலட்சியம் என்றெல்லாம் சொல்ல அவளுக்கு நேரமில்லை. மறுநாள் காலை ஷிப்ட்.

முதலில் இரண்டு மேஸ்திரிகளையும் ஒரே பக்கமிருந்து எண்ண வைத்துவிடலாம் என்று நினைத்தாள். டீக்கடையில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள்.

"தொடக்கம்ணா நாகர்கோவில்ல இருந்துதானே மோளே. பஸ்ஸு அங்க இருந்துதானே வருது" என்றார் ஜான்ரோஸ்.

"சூரியன் எங்கன இருந்துவே வருது? கெழக்க இருந்துல்லா? நீரு பஸ்ஸப் பாத்து எண்ணும், நாங்க சூரியனப் பாத்து எண்ணுதோம்" என்றார் ஆபேல்.

"சூரியன் வந்து மெஷினுக்கு கிரீஸ் போடுமோ?"

"ஒம்ம பஸ்ஸு போடுமாக்கும்?"

டீக்கடைக்காரர் தீர்ப்புச் சொல்லக் கேட்டபோது, தன் கடையிலிருந்து எண்ணினால் இருவருக்கும் பொதுவாக இருக்கும் என்றார். இசபெல் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். எண்ணுவது என்று ஒன்று இருக்கிறவரை எங்கிருந்து என்ற கேள்வியும் இருக்கும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எண்ணவே முடியாத பெயர்கள் வேண்டும்.

ஓய்வு நாட்களில் அவள் கணவாய் முழுக்க நடந்தாள். தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, நோட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் ஆட்கள் என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். பேருக்குக் குறைவில்லை. ரெண்டு பனை, செத்த மாடு, உடைஞ்ச கேட்டு, செல்வதாஸ் விளை. ஆனால் ரெண்டு பனையில் ஒரு பனைதான் நின்றது. மாடு செத்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. கேட்டைச் சரிசெய்துவிட்டார்கள். செல்வதாஸ் விளையை விற்றுவிட்டு பெங்களூருக்கே போய்விட்டார். விழக்கூடியது, சாகக்கூடியது, விற்கக்கூடியது எதுவும் பெயராகாது என்று நோட்டில் எழுதினாள். அதன்படி கழித்துப் பார்த்தால் மிஞ்சியது ஒரு பாறையும் ரயில் பாலமும்.

கடைசியில் இசபெல் மீன் பேர்களை எடுத்தாள். அவள் கடலோரப் பள்ளந்துறைக்காரி. கடல்புறத்துப் பெண் மீன் பேரை வைத்தது அப்பா கடலில் பட்ட பாட்டின் நினைவாக என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவளுடைய அப்பா ஐஸ் பிளாண்டில் மோட்டார் ஓட்டியவர், வள்ளத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவர். மீன் பெயர் வந்த காரணம் சாதாரணமானது. எல்லாருக்கும் ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கிற, ஒன்றோடொன்று குழம்பாத ஒரு பட்டியல் அவளுக்கு வேண்டும். நாஞ்சில் நாட்டில் யாரை எழுப்பிக் கேட்டாலும் ஏழு மீனும் ஏழு வாழைப்பழமும் தடங்கலில்லாமல் சொல்லுவார்கள்.

குருசடி வரிசை முழுக்க மீன். நெத்திலி, சாளை, அயலை, கெளுத்தி, வாளை, திருக்கை, நெய்மீன். கால்வாய் வரிசை முழுக்க வாழை. மட்டி, பேயன், ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோடன். அடுத்தது பாத்திரங்கள், அதற்கடுத்து மரங்கள். பதினொரு வரிசைக்குப் பதினொரு குடும்பம். பெயரைக் கேட்டதுமே எந்த வரிசை என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் காற்றில் கத்திப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து, முழுதாகத் திரும்பாத இடது மணிக்கட்டோடு 'இலகு பணி'யில் திரும்பியிருந்த ஷிஜின், உச்சிக்காற்றில் கோபுரத்தின் அடியில் நின்று வாக்கிடாக்கியில் சொல்ல, அறையில் அவள் எழுதினாள். வாளையும் பாளையங்கோடனும் இரைச்சலில் இடித்துக்கொண்டதால் வாளை நீக்கப்பட்டு அங்கே சுறா வந்தது. பானையும் பூனை என்று விழுந்ததால் அதற்குப் பதில் உரல். இப்படிப் பத்தொன்பது பெயர்கள் மாறின.

"அக்கா, நான் ஒரு நாளு முழுக்கக் காட்டுக்குள்ள நின்னு 'திருக்கை, திருக்கை'ன்னு கூப்பாடு போடுதேன். ஆடு மேய்க்கவன் என்னையே பாக்கான்."

"கோட்டி பிடிச்சவன்னு நெனச்சிருப்பான். நெனச்சா நெனச்சிட்டுப் போறான். அடுத்தது நெய்மீன், சொல்லு."

பெயர் திரையில் இருந்தால் போதாது, கதவிலும் இருக்க வேண்டும். திருட முடியாதபடி இருக்க வேண்டும் என்பதால் பெயின்ட். கோபுரங்களில் கம்பெனிச் சின்னம் தவிர வேறெதுவும் எழுதக் கூடாதென்று விதி. பெயின்ட் வாங்க எந்தப் பிரிவிலும் ஒதுக்கீடும் இல்லை. ஒரே ஒரு பிரிவில் மட்டும் இருந்தது. பாதை ஓரக் கற்களுக்கு வெள்ளையும் காவியும் மாற்றி மாற்றி அடிக்கத் தோட்டப் பிரிவுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு டப்பா. இரண்டாம் நிலை உதவியாளர் என்ற முறையில் இசபெல் தன் வாழ்நாளில் முதல் முறையாகக் கையெழுத்திட்டு அந்தப் பெயின்ட்டைப் பெற்றுக்கொண்டாள்.

வைகுண்டராஜன் கதவுகளைப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நெத்திலி டிரிப் ஆயிடுச்சுன்னு ஹெட் ஆபீஸுக்கு நான் எப்படிம்மா ரிப்போர்ட் அனுப்புறது?"

"ரிப்போர்ட்ல நம்பர்தான் சார் போகும். பேரு செட்டிங்ஸ் பக்கத்துல மட்டும் வரும்."

"கதவுல இருக்கே?"

"கதவப் பாக்க ஹெட் ஆபீஸ்ல இருந்து இந்தக் காத்துக்குள்ள யாரு சார் வருவா?"

அவர் யோசித்துப் பார்த்தார். யாரும் வந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. வந்து கேட்டால் மீனும் கம்பெனிச் சின்னம்தான் என்று சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. அனுமதி தரவில்லை, தடுக்கவுமில்லை. அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய மிகப் பெரிய ஆதரவு அதுதான்.

திரையை மாற்றுவது எப்படி என்று தெரியாமல் இசபெல் மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். சென்னையிலிருந்து ஒரு பெண் குரல் சரளமான ஆங்கிலத்தில், அதைத் திருத்த வசதி இல்லை, கோரிக்கையைப் பதிவு செய்யலாம் என்றது. இசபெல் தன்னையறியாமல், "எளவு, பின்ன என்னத்தச் செய்ய?" என்றாள். மறுமுனையில் ஆங்கிலம் நின்றுபோனது.

"அக்காவுக்கு ஊரு எங்கயாக்கும்?"

"பள்ளந்துறை. நீ?"

"குழித்துறை. பேரு ரெஜிஷா. இஞ்ச வந்து ரெண்டு வருசம் ஆச்சு, 'எளவு'ன்னு ஒரு ஆளு சொல்லிக் கேட்டதே இல்லக்கா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எழுதிக்கிடுங்க. சி டிரைவுல 'லேபிள்'னு ஒரு சின்ன ஃபைல் கெடக்கும். நோட்பேடுல தொறக்கலாம். அதுல என்ன எழுதுதீங்களோ அதுதான் ஸ்கிரீன்ல வரும். எந்த வரிசையில எழுதுதீங்களோ அந்த வரிசையில வரும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

தமிழ் எழுத்தைப் போட்டால் திரையில் கேள்விக்குறிகளாக வந்தது. ஆகவே அந்தக் காலத்தில் எல்லாரும் மொபைலில் மெசேஜ் அனுப்பிய வழக்கப்படி, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாள். 'கட்-இன் த்ரெஷோல்ட்' என்று இருந்தது 'எந்தக் காத்துல சுத்தத் தொடங்கணும்' என்று ஆனது. 'கட்-அவுட்' என்பது 'எந்தக் காத்துல நிக்கணும்'. யாரும் தொடாத நான்கு பக்கங்களைக் கடைசிக்குத் தள்ளினாள். மெஷின்களை மண்ணில் நிற்கிறபடி வரிசை வரிசையாக அடுக்கினாள். பூட்டை மேலே முதல் வரியில் வைத்து, அடியில் ஆறு வெற்று வரிகள் விட்டு, அதற்கும் கீழே இயக்கும் கட்டத்தை வைத்தாள். கை தவறினால் வெற்றிடத்தில் விழட்டும். பூட்டுக்குப் பேர் வைக்க மட்டும் ஒரு வாரம் எடுத்தது. பூட்டு, தடை, நிறுத்தம் என்று பலதும் எழுதி அழித்தாள். அவையெல்லாம் மெஷினைப் பற்றிப் பேசின. டிக் போடுகிறவள் நினைக்க வேண்டியது மெஷினைப் பற்றி அல்ல என்று தோன்றியதும் 'மேலே ஆள்' என்று எழுதினாள்.

"இது என்ன, பஸ் ஸ்டாண்டு போர்டா?" என்றார் வைகுண்டராஜன்.

"பஸ் ஸ்டாண்டு போர்டு பாத்து யாரும் தப்பு பஸ்ஸுல ஏறல்ல சார்."

2008 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஜான்ரோஸ் மேற்கிலிருந்தும் ஆபேல் கிழக்கிலிருந்தும் தொடர்ந்து எண்ணிக்கொண்டார்கள், ஆனால் தங்களுக்குள். வாக்கிடாக்கியில் கதவில் இருந்ததை வாசித்தார்கள். "அயலையில நிக்கேன் மோளே, ஆள் மேலே" என்று ஜான்ரோஸ் சொல்லும்போது, உண்மையிலேயே ஒரு மீன்மேல் ஏறி நிற்கிறவர் போன்ற கம்பீரம் குரலில் இருக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் இசபெலுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் மென்பொருள்களுக்குப் புதுப்பித்தல் என்று ஒரு வியாதி உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை சென்னையிலிருந்து வரும். வந்ததும் லேபிள் ஃபைல் பழையபடி ஆகிவிடும். காலையில் வந்து திரையைத் திறந்தால் அயலை போய் அறுபத்தொன்று உட்கார்ந்திருக்கும். பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டாள். தோட்டப் பிரிவுக்குப் பென் டிரைவ் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே ஒவ்வொரு முறையும் நோட்டைப் பார்த்து எண்பத்து நான்கு பெயர்களையும் நாற்பது தலைப்புகளையும் முதலிலிருந்து அடித்தாள். அடித்து முடிகிறவரை யாரையும் ஏற விடவில்லை. "தோட்டக்காரி ஏறாதேங்கா, நாம கீழ நிக்கோம்" என்று ஆபேல் முனகினார். நின்றார்.

ஐந்து ஆண்டில் பத்து முறை அடித்தாள். மூன்றாம் முறையோடு கோபம் தீர்ந்தது. ஆறாம் முறையோடு சலிப்பும் தீர்ந்தது. பிறகு அது தலை வாருவது போன்ற ஒரு வேலையாகிவிட்டது. கழுத்து மட்டும் வலித்தது.

2011-இல் தலைமை அலுவலகத்துக்கு யாரோ அந்தத் திரையின் படத்தை அனுப்பிவிட்டார்கள். அங்கே அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. பெரிய அதிகாரி ஒருவர் ஹோட்டல் கூட்டமொன்றில் 'எளிய திரை, பாதுகாப்பான களம்' என்று பேசிக் கேடயம் வாங்கினார். அந்த உற்சாகத்தில் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான புதிய திரையைச் செய்ய முடிவெடுத்தார்கள். 2013 மார்ச்சில் வந்து சேர்ந்தது. அழகாக இருந்தது. நீல நிறம், பெரிய படங்கள், ஓரத்தில் ஒரு பச்சை இலை. மெஷின்களுக்குப் பெயர் கிடையாது, பதினொரு இலக்க எண் மட்டும். பெயர் எழுத இடமும் இல்லை. ஃபைலைத் திறக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். பூட்ட வேண்டிய பூட்டு மூன்று பக்கம் தாண்டி, 'மேம்பட்டவை' என்ற தலைப்பின் கீழ் போய் ஒளிந்திருந்தது.

இசபெல் ரெஜிஷாவுக்குப் போன் போட்டாள். அவள் கல்யாணமாகி கத்தாருக்குப் போய்விட்டதாக ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பூட்டு முதல் பக்கத்துக்கு வர வேண்டும், எண்ணோடு பெயருக்கும் ஓர் இடம் வேண்டும், இயக்குவதும் பூட்டுவதும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது என்று காரணங்களோடு இரண்டு பக்கம். அடியில் பெயரும் பதவியும் எழுதியாக வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. அவளுடைய ஆர்வத்துக்கு நன்றி, ஆலோசனை உரிய நடவடிக்கைக்காகத் தோட்டக்கலைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.

ஷிஜின் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். இப்போது அவனும் அறையில்தான் இருந்தான்.

"இனி என்ன அக்கா செய்யப் போற? காத்து மே கடைசியில எழும்பிரும்."

"திரைய மாத்த முடியாது இல்லியா?"

"முடியாது."

"அப்ப கதவ மாத்துவோம்."

"எண்பத்து நாலுமா? உனக்கு வயசு முப்பத்தொம்பது ஆவுது. முட்டுவலி வேற."

"முட்டுவலிக்கு நடக்கணும்னுதான் டாக்டர் சொன்னாரு."

அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஷிஜினுக்கும் அது தெரியும். ஆனாலும் பெயின்ட் டப்பாவை ஜீப்பில் ஏற்றிவிட்டு, அவளுக்குப் பதிலாகத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

முதல் நாள் குருசடி வரிசை. இருபத்திரண்டாம் மெஷின், அதாவது சுறா, அதாவது இப்போது பதினொரு இலக்கம். அதன் கதவுக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். பிறகு புதிய எண்களைக் குறித்திருந்த நோட்டையும் வாக்கிடாக்கியையும் எடுத்தாள்.

"ஷிஜின், சுறாவில நிக்கேன். கடைசி நாலு நம்பர் வாசிக்கேன், கேட்டியா? பூட்டு."

"பூட்டியாச்சு. உனக்குத் தெரியுதா?"

கதவுக்குள்ளே பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "எரியுது. தொற." விளக்கு அணைந்தது. அவள் பிரஷ்ஷைத் தோய்த்துச் சுறாவுக்குக் கீழே எண்களை எழுதினாள்.

காற்று லேசாக இருந்த நாட்களில் ஒன்பது கதவுகள் முடிந்தன. பலமாக இருந்த நாட்களில் இரண்டு. ஏப்ரல் நடுவில் பெயின்ட் தீர்ந்து, ஜான்ரோஸ் தன் வீட்டு ஜன்னலுக்கு வைத்திருந்த பச்சையைக் கொண்டுவந்தார். ஆகவே மர வரிசையில் எண்கள் பச்சை. ஆபேல் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாள் என்று இருவரும் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை.

2013 ஏப்ரல் இரண்டாம் தேதிக்கும் மே இருபத்து நான்காம் தேதிக்கும் இடையே, தன் ஓய்வு நாட்களிலும் ஷிப்ட் முடிந்த மாலைகளிலும், இசபெல் எண்பத்து நான்கு கோபுரங்களுக்கும் நடந்து போனாள். ஒவ்வொரு கதவிலும் பெயருக்குக் கீழே புதிய எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதினாள். எழுதுவதற்கு முன், அந்த எண்ணைத் திரையில் பூட்டினால் அந்த மெஷின்தான் பூட்டுகிறதா என்று ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தாள்.